இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகப் போகிறீர்களா? பதிமூன்றாவது மாதத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

"இருக்கிற வேலை அலுத்துப்போச்சு, ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன்" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது: உங்கள் போனில் எத்தனை பேருடைய நம்பர் இருக்கிறது? இருநூறு, முந்நூறு என்று பெருமையாகச் சொல்வார்கள். அது எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று கேட்டால் பதில் வராது. ஒன்பது வருடம் ஏஜென்டாக ஓடிவிட்டு இப்போது க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஓரளவு தெரியும். இரண்டையுமே சொல்கிறேன்.

சேரும் முன் ஒரு தாளும் பேனாவும்

உங்கள் வீட்டின் மாதச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஓர் ஆயுள் பாலிசி விற்றால் முதல் வருடக் கமிஷனாக 25 பங்கு கிடைக்கிறது என்று வைப்போம். அப்படியானால் வீடு நடக்க மாதம் நான்கு பாலிசி. பெட்ரோல், போன், லைசென்ஸ் செலவு, சும்மா போய்விட்டு வந்த சந்திப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் ஒன்றிரண்டு. மொத்தத்தில் மாதம் ஐந்தாறு.

இந்தத் தொழிலில் 10-3-1 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பத்துப் பேரை அணுகினால் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள், ஒருவர் கையெழுத்துப் போடுவார். ஆறு பாலிசிக்கு அறுபது பெயர் வேண்டும், பதினெட்டுச் சந்திப்பு வேண்டும். இருநூறு பெயர் மூன்று மாதத்திலும் சில நாட்களிலும் தீர்ந்துவிடும். முதல் மூன்று மாதம் அமர்க்களமாக விற்று, மேடையில் மாலை வாங்கிய ஆள் ஐந்தாவது மாதத்தில் ஆபீஸ் பக்கமே வராமல் போவதன் ரகசியம் இதுதான். சோம்பேறித்தனம் இல்லை. சித்தப்பா, மச்சான், பழைய வகுப்புத் தோழன் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் தீர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி கணக்கின் இன்னொரு பாதி. முதல் வருடம் பிரீமியத்தில் 30 சதவீதமும், அடுத்த வருடங்களில் 5 சதவீதமும் கமிஷன் என்று வைப்போம் (விகிதம் நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும், ஆனால் முதலில் பெரிய துண்டு, பிறகு சிறிய துண்டு என்ற அமைப்பு பெரும்பாலான இடங்களில் உண்டு). முதல் வருடம் 25 பங்கு தந்த பாலிசி அடுத்த வருடத்திலிருந்து 4 பங்குதான் தரும். மாதம் ஐந்து என்று வருடத்துக்கு அறுபது விற்று, அத்தனை பேரும் தொடர்ந்து கட்டினால் இரண்டாம் வருடம் 240 பங்கு, அதாவது மாதத்துக்கு 20. வீட்டுச் செலவில் ஐந்தில் ஒன்று. இதே வேகத்தில் போனால் ஐந்தாம் வருடம் ரினிவல், அதாவது பழைய பாலிசிகள் தொடர்வதற்கான கமிஷன், மட்டும் மாதம் 80 பங்கு தரும். முக்கால்வாசிக்கு மேல் வீடு தானாக நடக்கிறது.

மூன்றில் ஒருவர் முதல் வருடத்தோடு கட்டாமல் விட்டால்? அந்த 80, 53 ஆகிவிடும். ஒரே உழைப்பு, ஒரே அலைச்சல். விற்றது யாருக்கு என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆகவேதான் காப்பீட்டு நிறுவனங்கள் 13-ஆம் மாதம், 25-ஆம் மாதம், 61-ஆம் மாதம் என்று எத்தனை பாலிசி உயிரோடு இருக்கிறது என்பதைத் தனியாக அளக்கின்றன. இதைப் பெர்சிஸ்டன்சி என்பார்கள். ஏஜென்ட்டின் உண்மையான சம்பளச் சீட்டு அதுதான். முதல் வருடக் கமிஷனை நான் கடை போடும் முதலாகத்தான் பார்ப்பேன். அதை வருமானம் என்று நம்பி வண்டிக்கு மாதத் தவணை போட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

ஒரு வருடச் செலவுக்குக் கையில் பணம் இல்லாவிட்டால் இருக்கிற வேலையை விடாதீர்கள். மாலையிலும் வார இறுதியிலும் செய்து பாருங்கள். உங்கள் முதலாளி வெளி வேலையை அனுமதிக்கிறாரா என்று வேலை ஒப்பந்தத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய நான்கு வரிகள்

பரீட்சை, பயிற்சி, லைசென்ஸ் எல்லாம் எழுதிவைத்த வழி. உங்கள் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும் பாடத்தைப் படித்தால் பாஸ் ஆகிவிடலாம். பரீட்சையில் நின்று தொழிலை விட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. கவனமாகப் படிக்க வேண்டியது, பாஸ் ஆன பிறகு கையில் தருகிறார்களே, அந்த ஏஜென்சி ஒப்பந்தம்.

முதல் வரி, கமிஷனைத் திரும்பப் பிடிப்பது. பாலிசி சீக்கிரமே நின்றால் கொடுத்த கமிஷனைப் பிடித்துக்கொள்வார்களா, எத்தனை மாதம் வரை, எவ்வளவு? ஆஸ்திரேலியாவில் 2018 முதல் இது சட்டமாகவே இருக்கிறது: முதல் வருடத்தில் பாலிசி நின்றால் முழுக் கமிஷனும், இரண்டாம் வருடத்தில் நின்றால் 60 சதவீதமும் திரும்பப் போகும். இரண்டாவது, நீங்கள் விலகினால் ரினிவல் கமிஷன் யாருக்கு? சில ஒப்பந்தங்களில் இத்தனை வருடம் இருந்தால்தான் அது உங்களுக்குச் சொந்தம் என்றிருக்கும். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு போய், ஆறு மாதத்தில் கிடைத்திருக்க வேண்டிய உரிமையை விட்டவர்கள் உண்டு. மூன்றாவது, வேறு நிறுவனத்தின் பாலிசியை விற்கலாமா, கூடாதா? நான்காவது, விலகிய பிறகு பழைய வாடிக்கையாளர்களிடம் போகத் தடை உண்டா?

உங்களைச் சேர்க்க வந்தவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட சேர்ந்தவங்கள்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" அவர் எண்ணைச் சொன்னால் நல்ல ஆள். கார் வாங்கியவர் கதையை ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். நீங்கள் விற்பதில் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை, அது தெரிந்து அவர் பேச்சைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல் சந்திப்பு: பாலிசிப் பேப்பரை வெளியே எடுக்காதீர்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, உட்கார்ந்த உடனே அச்சடித்த தாளை விரிப்பது. விரித்த கணமே எதிரே இருப்பவர் மனசுக்குள் கதவைச் சாத்திவிடுவார். முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. உங்கள் வருமானத்தை நம்பி யார் யார் இருக்கிறார்கள்? இன்னும் எத்தனை வருடம் அவர்களுக்கு அது தேவை? கடன் எவ்வளவு பாக்கி? பதிலை அவர் கண் முன்னால் எழுதுங்கள். வருடத் தேவையை வருடங்களால் பெருக்கி, கடனைக் கூட்டி, ஏற்கனவே இருக்கும் சேமிப்பையும் காப்பீட்டையும் கழித்தால் கவரேஜ் எவ்வளவு வேண்டும் என்று தோராயமாக வந்துவிடும். பணவீக்கம், வட்டி என்று நுணுக்கம் பிறகு சேர்க்கலாம். அந்த எண்ணை அவரே பார்த்து "இவ்வளவா?" என்று கேட்பதற்கும், நீங்கள் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகள் உள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது டேர்ம் பாலிசி, குறித்த வருடங்களுக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது. குறைந்த பிரீமியம், பெரிய தொகை. பிரீமியம் குறைவு என்பதால் உங்கள் கமிஷனும் குறைவு. சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை விற்றால் அதே அரை மணி நேரத்துக்குப் பல மடங்கு கிடைக்கும். மாதக் கடைசியில், டார்கெட்டுக்கு ஒன்று குறைகிறது என்னும்போது கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாங்க முடியாத பிரீமியத்தைத் தலையில் கட்டினால் அவர் அடுத்த வருடம் கட்டமாட்டார். பிறகு மேலே போட்ட கணக்கில் அவர் அந்த மூன்றில் ஒருவர் ஆகிவிடுவார். இதைச் சமாளிக்க நான் கண்ட வழி மருத்துவக் காப்பீடும் வாகனக் காப்பீடும். அவற்றில் கமிஷன் சிறியது, ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். சின்ன வரவு, ஆனால் வீட்டு அரிசிப் பானை அதில்தான் நிறைந்தது.

பிறகு, பாலிசி கைக்கு வந்ததும் வேண்டாம் என்றால் திருப்பித் தரும் காலம் ஒன்று உண்டு. இந்தியாவில் 30 நாள், மலேசியாவில் 15 நாள், சிங்கப்பூரில் 14 நாள். இதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் திருப்பிவிடுவார்களே என்று பயப்பட வேண்டாம். திருப்ப நினைப்பவர் இப்போதே திருப்பினால் உங்கள் பதிமூன்றாவது மாதம் பிழைக்கும்.

ஒரு சின்னக் கட்டம்

நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கச் சம்மதித்துவிட்டார். இரும்புத் தூசி படிந்த மேஜையில் விண்ணப்பத்தை வைத்து, அவருக்குப் பதிலாக நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். உடல்நிலைப் பக்கம் வந்தது. வரிசையாகக் கேள்வி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டம்.

"சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டாண்ணே?"

"மாத்திரை போடுறேன் தம்பி. ஆனா கன்ட்ரோல்லதான் இருக்கு."

ஆம் என்று போட்டால் மருத்துவப் பரிசோதனை, இரண்டு வாரத் தாமதம், கூடுதல் பிரீமியம். அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு. நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கன்ட்ரோலில் இருந்தால் இல்லை என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பில் முதல் வரியிலேயே எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று இருந்தது. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சத்தம் போடவில்லை. "நீதானே தம்பி எழுதின?" என்றார். அவ்வளவுதான்.

காப்பீடு கேட்பவருக்கு மட்டும் தெரிந்த முக்கியமான விஷயத்தை அவர் மறைக்கக் கூடாது என்பது 1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன தீர்ப்பிலிருந்து வரும் கொள்கை. இன்றும் உலகம் முழுக்க விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது அதன் வாரிசுதான். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்திருந்தேன், வருடத்தோடு. ஆகவே விண்ணப்பத்தை வாடிக்கையாளரே நிரப்பட்டும். முடியாதவருக்கு நீங்கள் எழுதினால் ஒவ்வொரு பதிலையும் வாசித்துக் காட்டி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

இதே வகையில் இன்னும் சில. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். "இன்னைக்கு மட்டும் நீங்க கட்டுங்க, நாளைக்குத் தர்றேன்" என்று யார் சொன்னாலும் உங்கள் காசில் பிரீமியம் கட்டாதீர்கள். நாளை என்பது வரவே வராது. கமிஷனில் பாதியைத் தள்ளுபடியாகக் கேட்பார்கள். இந்தியாவில் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. வேறு பல நாடுகளிலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், தள்ளுபடிக்காக வந்தவர் அடுத்த வருடம் வேறு தள்ளுபடிக்குப் போய்விடுவார்.

டைரி

ஆப் எத்தனையோ வந்துவிட்டன. எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான்கு விஷயம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்: பெயரும் பாலிசி எண்ணும், பிரீமியம் தேதி, நாமினி யார், இவரை அறிமுகம் செய்தது யார். தேதிக்கு ஒரு மாதம் முன்பு ஒரு போன், ஒரு வாரம் முன்பு ஒரு போன். கெடு தாண்டிவிட்டாலும் சலுகைக் காலம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பாலிசிகளில் பொதுவாக ஒரு மாதம் அளவு. பாலிசி சாவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். பணம் இல்லாமல் விடுபவரைவிட மறந்து விடுபவர் அதிகம் என்பது என் அனுபவம்.

நான்காவது விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது. ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

தொடரலாமா, விடலாமா

மனசைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மனசு ஒரு நல்ல பாலிசி விழுந்த அன்று ஒன்று சொல்லும், நான்கு பேர் போன் எடுக்காத அன்று வேறு சொல்லும். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதிமூன்றாவது மாதம் தாண்டியதும், இருபத்து நான்காம் மாதம் என்று நான்கு நாள் குறித்துவைத்து, அன்று மட்டும் டைரியைத் திறந்து பாருங்கள்.

ஆறாம் மாதத்தில் பார்க்க வேண்டியது விற்பனை எண்ணிக்கையை அல்ல. போன மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் உங்கள் பழைய பட்டியலில் இல்லாதவர்கள்? அறிமுகத்தால் வந்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், உங்கள் தொழில் இன்னும் சொந்தக்காரர்களோடுதான் நிற்கிறது. வருடம் முடியும்போது புதியவர்களில் பாதிப் பேராவது அறிமுகத்தில் வந்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். பதிமூன்றாவது மாதம் தாண்டியதும் முதல் மாதம் விற்றதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுங்கள். பத்தில் எட்டு இருந்தால் கடை நிற்கும். ஆறு என்றால் யாருக்கு, எதை விற்கிறோம் என்பதை மாற்றியாக வேண்டும். இருபத்து நான்காம் மாதத்திலும் ரினிவல் பணம் வீட்டுச் செலவில் ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்றால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தொழில் நன்றாகப் போகும்போதும் ஒரு கண் வெளியே இருக்கட்டும். கமிஷன் விகிதம் உங்கள் கையில் இல்லை. பிரிட்டனில் 2012 முடிவோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதே நின்றுபோனது. ஆஸ்திரேலியாவில் ஆயுள் காப்பீட்டின் முதல் வருடக் கமிஷன் 2018-இல் 80 சதவீதத்துக்குள், 2020-இல் 60 சதவீதத்துக்குள் என்று உச்சவரம்பு வந்தது. சுவரில் எத்தனை ஷீல்டு மாட்டியிருந்தாலும், 1927-இல் அமெரிக்காவின் மெம்பிஸில் தொடங்கிய, அதிகம் விற்கும் ஏஜென்ட்களின் சங்கமான எம்டிஆர்டி வட்டத்திலேயே நீங்கள் இருந்தாலும், சட்டம் மாறினால் வருமானம் மாறும்.

எங்கே போகலாம்

இதே துறைக்குள் போவது சுலபம். க்ளெய்ம் பிரிவு, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டிங், ஏஜென்ட்களுக்குப் பயிற்சி, வாகனம், தீ விபத்து இழப்புகளை மதிப்பிடும் சர்வேயர் வேலை. இவற்றில் சிலவற்றுக்குத் தனிப் படிப்பும் லைசென்சும் வேண்டும். லண்டனின் சார்ட்டர்டு இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட், மும்பையின் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா போன்றவை படிப்படியான பரீட்சைகள் நடத்துகின்றன. மும்பையில் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ என்று மூன்று படி. முதல் படியை ஏஜென்டாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்; நான் ஏழு வருடம் தள்ளிப்போட்டது முட்டாள்தனம்.

புரோக்கர் ஆவது இன்னொரு வழி. ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள், புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். பல நிறுவனங்களை ஒப்பிட்டுச் சொல்லலாம். பேசுவதைவிட ஒப்பிட்டுப் படிப்பதில் ருசி உள்ளவர்களுக்கு அது பொருந்தும். டீம் தலைவராக ஏறுவதைப் பலர் பதவி உயர்வு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வேறு தொழில், பாலிசிக்குப் பதில் ஆட்களை விற்பது. நன்றாக விற்றவர்கள் பலர் அதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

துறைக்கு வெளியே என்றால் வங்கி, மருந்து, மருத்துவக் கருவி, மென்பொருள் விற்பனை. பயோடேட்டாவில் 'இன்சூரன்ஸ் ஏஜென்ட், 5 வருடம்' என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டைரி இங்கே கைகொடுக்கும். எத்தனை வாடிக்கையாளர், அவர்களில் எத்தனை சதவீதம் அறிமுகத்தால் வந்தவர்கள், பதிமூன்றாவது மாதப் பெர்சிஸ்டன்சி எவ்வளவு, எத்தனை க்ளெய்ம் முடித்துக் கொடுத்தீர்கள் என்று எண்ணாக எழுதுங்கள். முன்பின் தெரியாதவரிடம் போய், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்று, வருடக் கணக்கில் பணம் கட்டவைத்தவர் நீங்கள். அதைச் சொல்லத் தெரிந்தால் போதும். "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் பழைய நிறுவனத்தைத் திட்ட வேண்டாம், மாத வருமானம் நிலையாக வேண்டும் என்பதே நேர்மையான பதில்.

விலகும்போது

புது வேலைக் கடிதம் கைக்கு வரும் முன் ஏஜென்சியை ஒப்படைக்காதீர்கள். ரினிவல் உரிமைக்கு எத்தனை மாதம் பாக்கி என்று ஒப்பந்தத்தை மறுபடி பாருங்கள். புது முதலாளி அனுமதித்தால் லைசென்சைக் குறைந்த அளவில் உயிரோடு வைத்திருக்கலாம்; ஆண்டுக்கு இவ்வளவு வணிகம் என்ற குறைந்தபட்ச நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

வேறு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்றால், வாடிக்கையாளர்களின் பழைய பாலிசியை முறித்துப் புதியது எடுக்கவைக்கும் ஆசை வரும். வேண்டாம். வயது கூடியதால் பிரீமியம் கூடும், காத்திருப்புக் காலம், அதாவது சில நோய்களுக்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம், முதலிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் ஓர் ஆயுள் பாலிசி மூன்று வருடம் தாண்டிவிட்டால் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. முறித்து எடுத்தால் அந்த மூன்று வருடம் மறுபடி ஒன்றிலிருந்து.

கடைசியாக, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். இனி யாரைக் கேட்க வேண்டும், அடுத்த தேதி எது, பாலிசிப் பத்திரம் வீட்டில் எங்கே இருக்கிறது, நாமினிக்குத் தெரியுமா. எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பட்டறை அண்ணனையும் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் பையன் பாலிசிய யாரு தம்பி பாத்துக்குவா?" என்று கேட்டார். அவர் மகன் பெயரில் ஒன்று எடுத்திருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. டைரியில் இருந்தது, தேதியோடு.